விலை போகாத அட்டைகள்

நவம்பர் 3, 2025

ரொறன்ரோ ராப்ரர்ஸ் கூடைப்பந்து அணி தன் முதல் ஆட்டத்தை ஆடி இன்றோடு 30 ஆண்டுகள். 1995இல் இதே நாள், ஸ்கைடோம் அரங்கில் நியூ ஜேர்சி நெற்ஸ் அணியை 94–79 என்று வென்றார்கள். அந்தப் பருவத்தில் ஆடிய 82 ஆட்டங்களில் வென்றவை 21 மட்டுமே. ஸ்காபரோவில் எங்கள் அடுக்குமாடிப் பிள்ளைகளுக்கு அதுவே போதுமாக இருந்தது. அணியும் ஊருக்குப் புதிது, நாங்களும் புதிது.

அண்ணாவும் நானும் அந்த நாட்களில் கூடைப்பந்து அட்டை சேர்த்தோம். பள்ளிக்கூடம் முடிய விட்டுப்போன பழக்கம் அது. இந்த இலையுதிர் காலத்தில் திரும்பத் தொடங்கியிருக்கிறேன். எனக்கென்று ஒரு திட்டமும் வகுத்துவிட்டேன். அந்த முதல் பருவத்தில் ராப்ரர்ஸ் அணிக்கு ஆடியவர்களில் யார் யாருக்கு அட்டை வந்ததோ, அத்தனை பேரையும் சேர்க்கவேண்டும். கையெழுத்துப் போட்டதும் வேண்டாம், தரம் பார்த்துப் பிளாஸ்ரிக் உறைக்குள் மூடியதும் வேண்டாம். இந்த உலகத்தில் 'கொமன்' என்று ஒதுக்கும் சாதாரண அட்டைதான் வேண்டும்.

நவம்பர் 15

கடையில் பழைய அட்டைகளைக் குவித்து வைத்திருக்கும் பெட்டிகளைத் துழாவினேன். தொண்ணூறுகளின் அட்டைகள் சில்லறைக் காசுக்குக் கிடைக்கின்றன. அதற்குக் காரணம் இருக்கிறது.

1981–82 பருவத்துக்குப் பிறகு ரொப்ஸ் நிறுவனம் கூடைப்பந்து அட்டைகளைக் கைவிட்டது. 1986இல் ஃபிளியர் 132 அட்டைகள் கொண்ட தொகுதி ஒன்றை வெளியிட்டபோது அதைத் தேடி வாங்கியவர்கள் குறைவு, பத்திரப்படுத்தியவர்கள் இன்னும் குறைவு. அதில் 57ஆவது அட்டை மைக்கல் ஜோர்டன். சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக இருக்கும் அதன் விளிம்பு லேசாகத் தேய்ந்தாலும் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பழுதில்லாமல் தப்பியது அரிது. பிஎஸ்ஏ நிறுவனம் 10 என்று தரமிட்ட ஒன்று 2021 ஜனவரியில் 7,38,000 அமெரிக்க டொலருக்குப் போனது.

பழைய அட்டைக்கு விலை ஏறும் என்று எண்பதுகளின் கடைசியில் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. எல்லாரும் வாங்கினார்கள், எல்லாரும் பத்திரமாக எடுத்துவைத்தார்கள். ஃபிளியர், ஹூப்ஸ், ஸ்கைபொக்ஸ், அப்பர் டெக், திரும்பி வந்த ரொப்ஸ் என்று ஆளாளுக்கு அச்சடித்துத் தள்ளினார்கள். எல்லார் வீட்டிலும் இருக்கும் பொருளுக்கு விலை ஏது? முதலீடு என்று நம்பி வாங்கியவர்களுக்கு அது இழப்பு. முழுத் தொகுதியைச் சேர்க்க ஆசைப்படும் என் போன்றவர்களுக்கோ அது பெரிய கொடை. விலை கேட்டுத் தயங்காமல் ஒரு மனிதரின் பெயருக்காகவே அவருடைய அட்டையை எடுக்கமுடிகிறது.

டிசம்பர் 6

சிறுவயதில் படத்தைப் பார்த்தேன். இப்போது அட்டையின் பின்பக்கத்தை வாசிக்கிறேன். இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம். அதற்குள் பிறந்த ஊர், படித்த கல்லூரி, ஆண்டு வாரியாகப் புள்ளிகள் என்று ஒரு தொழில் வாழ்க்கையே அடங்கிவிடுகிறது.

எட் பிங்க்னியை அணியின் ஓரத்தில் நின்ற பெரியவராக மட்டுமே எனக்கு நினைவு. 1985இல் பற்றிக் யூயிங்கின் ஜோர்ஜ்ரவுண் அணியை வில்லனோவா பல்கலைக்கழகம் 66–64 என்று கவிழ்த்த கல்லூரி இறுதியாட்டத்தின் நாயகன் அவர். ஜோன் சாலி டெற்றொயிற் பிஸ்ரன்ஸோடு இரண்டு கிண்ணங்களை வென்ற பிறகு எங்களிடம் வந்தவர். அந்தப் பருவம் முடிவதற்குள் சிக்காகோ புல்ஸுக்குப் போய் மூன்றாவதையும் வென்றார்.

டேமன் ஸ்டூடமயரின் அட்டையை நெடுநேரம் கையில் வைத்திருந்தேன். உயரம் 5 அடி 10 அங்குலம். 1995இல் அணிகள் புதுமுக வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி ஸ்கைடோமில்தான் நடந்தது. ஏழாவதாக எங்கள் அணிக்கு இவர் பெயரை வாசித்தபோது, எட் ஓபானன் என்ற வீரரை எதிர்பார்த்திருந்த நம்மூர்க் கூட்டம் கூச்சலிட்டது. அடுத்த கோடையில் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருது இவர் கையில் இருந்தது.

டிசம்பர் 27

நத்தார் விடுமுறைக்கு அண்ணாவின் மகன் வந்திருந்தான். புதுப் பருவத்து ரொப்ஸ் பக்கற்றுகளைப் பிரித்தான். 2009இலிருந்து பனினி நிறுவனத்திடம் இருந்த அட்டை அச்சிடும் தனியுரிமை இந்தப் பருவத்தில்தான் ஃபனற்றிக்ஸின் கையிலுள்ள ரொப்ஸுக்கு வந்திருக்கிறது. மினுங்கும் ஒன்றைத் தேடி எடுத்தான், மற்றவற்றை மேசையிலேயே விட்டுவிட்டான். ஜோர்டனும் கோபி பிரயன்ற்றும் கையெழுத்திட்ட ஒற்றை அட்டை போன ஆகஸ்டில் 1 கோடியே 29 இலட்சம் டொலருக்கு விற்றதை அவன்தான் எனக்குச் சொன்னான். உலகத்தில் அது ஒன்றே ஒன்று.

என் பைண்டரைப் புரட்டியவன், "மாமி, இதெல்லாம் ஒரு டொலருக்கும் போகாதே. ஏன் சேர்க்கிறீங்கள்?" என்று கேட்டான்.

"பின்பக்கத்தை வாசி ராசா" என்றேன்.

அவன் கையில் இருந்தது ஜான் ரபாக். குரோஷியாவின் ஸ்பிளிற் நகரத்துக்காரர். அந்த நகரத்தின் அணியோடு 1989, 1990, 1991 என்று தொடர்ந்து மூன்று முறை ஐரோப்பியக் கிண்ணம் வென்றவர். 1995இல் ஹியூஸ்ரன் றொக்கற்ஸோடு வாகை சூடி, அதே ஆண்டு ரொறன்ரோ வந்தவர். பெடியன் ஸ்பிளிற் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தான். பிறகு மேசையில் விட்ட தன் அட்டைகளைக் கூட்டி அள்ளி ஒவ்வொன்றாகத் திருப்பினான். இரவு அவனுக்கு அட்டை செருகும் ஒன்பது அறைத் தாள்கள் கொஞ்சம் கொடுத்தனுப்பினேன்.

ஜனவரி 18, 2026

சில அட்டைகளில் பெயருக்குக் கீழே புது அணி இருக்கும், படத்திலோ பழைய அணியின் சீருடை. பருவம் தொடங்குமுன்பே அச்சுக்குப் போனவை அவை. புதிதாக ஓர் அணி எப்படிப் பிறக்கிறது என்பதற்கு அவையே சான்று. மற்ற அணிகள் விட்டுக்கொடுத்த ஆட்களிலிருந்து பொறுக்கித்தான் ராப்ரர்ஸ் உருவானது. முதலாவதாகத் தேர்ந்தெடுத்த பி.ஜே. ஆம்ஸ்ரோங் வர மறுத்துவிட்டார். அவரை கோல்டன் ஸ்ரேற்றுக்குக் கொடுத்து கார்லோஸ் றொஜர்ஸ் உள்ளிட்ட சிலரை வாங்கினார்கள். பிரபலங்களின் அட்டையை மட்டும் வைத்திருப்பவருக்கு இந்தக் கதை கிடைக்காது. முழுப் பருவத்தையும் அடுக்கி வைத்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும்.

மார்ச் 24, 2026

1996இல் இதே நாள் ஸ்கைடோமில் 36,000 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். வந்தது ஜோர்டனின் புல்ஸ். அந்தப் பருவம் முழுவதிலும் 72 வெற்றி, 10 தோல்வி மட்டுமே கண்ட அணி. அந்தப் பத்தில் ஒன்று எங்களுடையது, 109–108.

ஸ்டூடமயர் 30 புள்ளிகள் எடுத்தார். அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் அதைத்தான் சொல்வார்கள். மிச்சம் 79. அவற்றை எடுத்தவர்களின் அட்டைகளைத்தான் கடைப் பெட்டிகளில் சில்லறைக்கு விற்கிறார்கள். ஒரு புள்ளி குறைந்திருந்தாலும் அன்று வெற்றி இல்லை. சந்தை ஒருவரை எண்ணும், ஆட்டம் அத்தனை பேரையும் எண்ணும். நான் ஆட்டத்தின் கணக்கையே வைத்துக்கொள்கிறேன். சிறுவயதில் கைக்கு வந்ததைச் சேர்த்தேன், இன்று யாரையும் விடக்கூடாது என்று சேர்க்கிறேன். வயது வந்தபின் இந்தப் பொழுதுபோக்குத் தந்த நிறைவு அதுதான்.

ராப்ரர்ஸ் தாள்கள் ஏறக்குறைய நிரம்பிவிட்டன. அடுத்தது வன்கூவர் கிறிஸ்லீஸ். 1995இல் எங்களோடு சேர்ந்து பிறந்து, முதல் பருவத்தில் 15 ஆட்டங்களை மட்டும் வென்று, 2001இல் மெம்பிஸுக்குப் போய்விட்ட அணி. ஸ்டூடமயருக்கு ஓர் இடம் முன்னால், ஆறாவதாக அவர்கள் எடுத்த பிரயன்ற் றீவ்ஸிலிருந்து தொடங்கப்போகிறேன்.