சுண்டிப் பார்க்கும் விரல்: சிலாங்கூரில் மண்ணும் கண்ணாடியும்

கைவினைக் காட்சிக்கூடக் கடைகளில் கண்ணாடிக் கலங்களும் சுடுமண் கலங்களும் ஒரே தட்டில் அடுத்தடுத்து இடம்பெறுவதற்கு நல்ல காரணம் உண்டு. பீங்கானின் மேல் பளபளக்கும் மெருகுப்பூச்சு என்பது மண்ணின் மீது உருகிப் படிந்த மெல்லிய கண்ணாடியே என்பதால், அவ்விரண்டும் ஒரே நெருப்பின் இருவேறு பிள்ளைகள். மணலில் உள்ள சிலிக்கா தனித்து உருக ஏறத்தாழ 1700 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அதனோடு சோடாவையும் சுண்ணாம்பையும் சேர்த்தால் அதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே இளகி, ஊதுகுழலின் முனையில் திரண்டு நிற்கும் பதத்தை அடைகிறது. களிமண் அவ்வாறு உருகிவிடக் கூடாது. அதன் துகள்கள் ஒன்றோடொன்று பற்றி இறுகும் அளவுக்கு வெந்தால் போதும். 1000 பாகையை ஒட்டிச் சுட்டால் நீர் கசியும் மண்பாண்டமும், 1200 பாகைக்கு மேல் சுட்டால் நீர் புகாத கற்பாண்டமும், பேராக் மாநிலத்தின் பீடோர், தாப்பா வட்டாரங்களில் கிடைப்பது போன்ற வெண்களிமண்ணைக் கொண்டு இன்னும் கடுமையாகச் சுட்டால் பீங்கானும் உருவாகின்றன.

1974-இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாகப் பிரிந்த பின், 1978-இல் சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலம், ரப்பரும் செம்பனையும் விளைந்த சுங்கை ரெங்கம் தோட்ட நிலத்தின் மீது திட்டமிட்டு எழுப்பப்பட்ட நகரம். அங்குள்ள மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கலை, வடிவமைப்புத் துறை மட்கலக் கலையைப் பாடமாகப் பயிற்றுவிக்கிறது. நகரம் புதியது என்றாலும் அதைச் சூழ்ந்த மண்ணில் கலம் செய்யும் வழக்கம் மிகப் பழையது. தெற்கே லங்காட் ஆற்றுப் படுகையில் உள்ள ஜெண்டராம் ஹிலிரில், வெள்ளீயம் தோண்டிய இடத்திலிருந்து மூன்று கால்களில் நிற்கும் புதிய கற்காலக் கலங்களின் பகுதிகள் வெளிப்பட்டன. தாய்லாந்தின் பான் காவ் பகுதியில் கிடைத்தவற்றோடு அவை ஒத்திருப்பதை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். 1881-இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துக் கோலாலம்பூரை அழித்தபின், இனி வீடுகளைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டவேண்டும் என்று ஆங்கிலேய ஆட்சியர் வற்புறுத்தியதால் பெருகிய சூளைகளே அந்நகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியின் பெயருக்கு மூலம் என்பதும், இன்று அத்தெருக்களில் பூவும் பலகாரமும் வாங்குவோர் பலர் நினைத்துப் பாராத செய்தி.

கோலாலம்பூர் ஜாலான் கொன்லேயில் மலேசியக் கைவினை மேம்பாட்டுக் கழகம் நடத்தும் கைவினை வளாகம் போன்ற இடங்களுக்குச் செல்பவரின் கண்ணில் முதலில் படும் மட்கலம், பெரும்பாலும் லாபு சாயோங் என்னும் கரிய நீர்க்குடுவையாகவே இருக்கும். பேராக்கின் கோலகங்சாருக்கு அருகிலுள்ள சாயோங்கில் செய்யப்படும் இது, சுரைக்காய் வடிவில் வயிறு பருத்துக் கழுத்து ஒடுங்கியது. லாபு என்ற மலாய்ச் சொல்லும் சுரை, பூசணி வகையையே குறிக்கிறது. முன்பு மண்திரிகளைச் சுற்றிச் சுற்றி அடுக்கிக் கையால் எழுப்பப்பட்ட குடுவை, இப்போது பெரும்பாலும் அச்சில் வார்க்கப்படுகிறது: கூழ்போலக் கரைத்த களிமண்ணைச் சுண்ணச்சாந்து அச்சுக்குள் ஊற்றினால், அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, அதன் உட்சுவரில் மண் ஏடாகப் படிகிறது, எஞ்சிய கூழைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு, மண் சற்று இறுகியபின் அச்சின் இரு பாதிகளைப் பிரித்தெடுப்பர். குடுவையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், கழுத்திலிருந்து அடிவரை இறங்கும் மயிரிழை போன்ற பொருத்துவரி ஒன்று சில குடுவைகளில் தென்படும்; ஈரத் துணியால் அதைத் தேய்த்து மறைத்த கையின் பொறுமையை அந்த வரியின் அருகே படிந்த மழமழப்பு சொல்லிவிடுகிறது. அதன் கருமை பூசிய நிறமன்று. சுட்ட சூட்டோடு கலத்தை நெல் உமிக்குள் புதைக்கும்போது, காற்றில்லாமல் புகைந்து கரியும் உமியின் கரித்துகள் மண்ணின் நுண்துளைகளில் ஏறித் தங்கிவிடுகிறது. தமிழகத்தின் ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் கிடைத்த கருப்பு-சிவப்புக் கலங்களில், கவிழ்த்துச் சுட்டதால் காற்றுப் படாத உட்புறம் கருத்தது என்று கூறப்படும் விளக்கமும் இதே நெறியைச் சார்ந்தது.

அதே தட்டில் இருக்கும் கண்ணாடிப் பாசிமணிகள் தமிழ் வாசகரை இன்னும் நெருங்கி வரச் சொல்பவை. இளகிய கண்ணாடியை நடுவே துளை அமையுமாறு நீண்ட குழலாக இழுத்து, அதைக் கடுகும் மிளகும் போலச் சிறு துண்டுகளாக வெட்டி, துளை அடையாதபடியும் ஒன்றோடொன்று ஒட்டாதபடியும் சாம்பலோடு கலந்து மீண்டும் சூடாக்கி விளிம்பை மழுக்கும் முறை ஒன்று உண்டு. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் பெருமளவில் நடந்த இத்தொழிலின் தடயங்கள் இலங்கையின் மாந்தையிலும், மலேசியாவில் பேராக்கின் கோல செலின்சிங்கிலும் கெடாவின் சுங்கை மாஸிலும் கிடைத்துள்ளன. மணிகள் மட்டும் கப்பலேறியிருந்தால் மணிகள் மட்டுமே கிடைத்திருக்கும். உருக்கிய கழிவும் வெட்டி எறிந்த குழல் துண்டுகளும் சேர்ந்து கிடைக்கும் இடங்களில், தொழிலறிந்த கைகளும் கடல் கடந்தன என்று கொள்வதே பொருத்தம். தோட்ட வேலைக்குத் தமிழர் வந்திறங்கியதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நடந்த இந்தக் கைத்தொழில் உறவு, மலேசியத் தமிழரின் வரலாற்றுப் பேச்சில் இன்னும் அழுத்தமாக ஒலிக்க வேண்டியது.

ஷா ஆலமிலிருந்து வடமேற்கே, மின்மினிப் பூச்சிகளைக் காணப் பயணிகள் படகேறும் கம்போங் குவாந்தான் இருக்கும் கோலசிலாங்கூர் வட்டாரத்தில், தமிழ்க் குடும்பங்கள் சில தலைமுறைகளாகப் பானை வனைந்து வருகின்றன. பொங்கல் பானை, கார்த்திகை அகல், திருமணத்துக்குரிய அரசாணிப் பானை, அம்மன் கோவில் தீச்சட்டி, இறுதிச் சடங்கில் தோளில் ஏறும் கொள்ளிக்குடம் என்று ஒரு வாழ்க்கையின் தொடக்கமும் முடிவும் குயவர் கைவழியே செல்கின்றன. மரபு முறையில் பானை சக்கரத்தின் மேலேயே முழுமை பெறுவதில்லை என்பது பார்ப்பவரை வியக்கவைக்கும்: வாயும் கழுத்தும் வனைந்து, அடிப்பக்கம் மூடாத தடித்த குழலாக நூலால் அறுத்தெடுத்து, அரைகுறையாகக் காய்ந்தபின் ஒரு கையால் உள்ளே கல்லை ஏந்தி, மறு கையால் வெளியே மரத் தட்டுப்பலகை கொண்டு தட்டித் தட்டி, மண்ணை மெலித்துக் கீழே இறக்கி அடியை மூடுகின்றனர். கல்லும் பலகையும் ஒரே புள்ளியில் சந்திக்கவேண்டும். சற்று விலகினால் சுவர் கிழியும். உள்ளே இருக்கும் கை கண்ணுக்குத் தெரியாது, ஒலியும் அதிர்வும்தான் அதற்கு வழிகாட்டி. நன்கு முடிந்த பானையின் உட்புறத்தில் விரலால் தடவினால், கல் பதிந்த மெல்லிய குழிகள் வரிசையாக உணரப்படும்.

அச்சில் வார்த்த குடுவைக்குக் கிடைக்கும் கண்ணாடிப் பேழையும் விளக்கொளியும், இவ்வாறு தட்டி எழுப்பிய பானைக்கும் உரியவை. தை மாதத்தில் கடை வாசலில் குவித்து வைக்கப்பட்டு, சில வெள்ளிக்கு விலைபோய், பொங்கல் முடிந்ததும் அடுப்படிக்குப் பின்னால் ஒதுக்கப்படும் பொருளாக அதைப் பார்த்துப் பழகிவிட்டதால், அதனுள் இருக்கும் தேர்ச்சி விலையில் சேராமல் போகிறது. வனைந்தவரின் பெயரும் மண் எடுத்த இடமும் எழுதிய ஒரு சிறு சீட்டு, சாயோங் குடுவைக்குப் பக்கத்தில் ஓர் இடம், பள்ளிப் பிள்ளைகள் சக்கரத்தருகே ஒரு நாள் உட்காரும் வாய்ப்பு ஆகியவை கிடைத்தால், இத்தொழிலை விட்டு விலகும் இளையோர் சிலரேனும் நிற்கக்கூடும். பானை வேண்டும் ஆனால் பானை செய்பவரை அறியவேண்டாம் என்னும் மனநிலையோடு ஒரு சமூகம் பொங்கலைக் கொண்டாடுவது வருந்தத்தக்கது.

காட்சிக்கூடங்களில் பொருளைத் தொடவேண்டாம் என்ற அறிவிப்பு வழக்கமாக இருக்கும். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவின் ஐந்தடி நடைபாதையில் அப்படி எதுவும் இல்லை; வாங்க வரும் பெண்மணி பானையை இடக்கையில் தூக்கி, நடுவிரலை மடக்கி அதன் வயிற்றில் சுண்டிப் பார்ப்பார், கணீரென்றால் நன்றாக வெந்தது, பொத்தென்றால் எங்கோ விரிசல். மூன்று பானைகளைத் திரும்ப வைத்துவிட்டு, நான்காவதைச் சுண்டி, காதருகே கொண்டுபோய் மறுபடியும் ஒருமுறை சுண்டிப் பார்த்துவிட்டு, விலை கேட்பார்.