உலவும் சீவாளியும்: குண்டூர் நாட்டுக் குறிப்புகள்

தை பிறந்து பத்து நாள். கொல்லிமலையில் காலை ஏழு மணிக்கும் பனி விலகவில்லை. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள் பாதிக்கு மேல் தெரியவில்லை. மருமகன் புது நாயனத்தை, அதாவது நாகசுரத்தை, எடுத்துச் சீவாளி செருகி ஊதினான். வெறும் காற்று. மறுபடி ஊதினான், ஷட்ஜம் வந்தது, ஆனால் இறங்கி வந்தது. முகம் வாடிப்போய் என்னைப் பார்த்தான்.

திண்ணையில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த மாமா சொன்னார்: "இன்னும் கொஞ்ச நேரம் சீவாளியை வாயிலேயே வெச்சிரு. உலவைக் கையில புடிச்சுச் சூடு ஏத்து. அதுக்குள்ள செஞ்சவனைக் குறை சொல்லக் கூடாது."

இந்தக் குறிப்புகளை எழுதத் தொடங்கியது அந்த ஒரு வார்த்தையால்தான்.

*

சிறுவயதில் மாமாவுக்கு ஒத்து ஊதியவன் நான். ஒத்துக்கு விரல் வைக்கும் துளை கிடையாது. ஆதார சுருதி ஒன்றை அறுபடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் வேலை. கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு மூக்கால் மூச்சிழுக்க வேண்டும். மாரியம்மன் திருவிழாவில் விடிய விடிய ஊதிவிட்டு வந்தால் மறுநாள் சாமைச் சோறுகூட மெல்ல முடியாது. இப்போது எல்லா இடத்திலும் சுருதிப்பெட்டி வந்துவிட்டது. ஒன்று மட்டும் அதனால் போயிற்று. ஒத்து ஊதுகிறவன் பக்கத்து நாயனத்தின் ஒவ்வொரு சுரமும் எங்கே சேர்கிறது, எங்கே மயிரிழை விலகுகிறது என்று ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பான். அந்தக் காதுதான் கருவியைச் சோதிக்கும் காது.

*

நாயனத்தில் நாலு பகுதி. நீண்ட மரக்குழல் உலவு. அடியில் விரிந்த வாய் அணசு. உச்சியில் செருகும் உலோகக் குழாய் கெண்டை. அதன்மேல் மாட்டுவது சீவாளி. உலவு ஆச்சா மரம். அணசு பெரும்பாலும் வாகை. ஆச்சா தண்ணீரில் போட்டால் மூழ்கும். இந்தியாவின் மிகக் கனமான மரங்களில் அது ஒன்று. எங்கள் மலைப் பலா தவிலுக்கு ஆகும், வீணைக்கு ஆகும், நாயனத்துக்கு ஆகாது. அந்த நாதத்துக்கு இறுகிய மரம் வேண்டும்.

*

முதலில் பட்ட அடியை எழுதிவிடுகிறேன். நாலு வருஷத்துக்கு முன் ஒரு கடையில் மருமகனுக்கு ஒரு நாயனம் வாங்கினோம். எந்த ஊர்க் கடை என்பது வேண்டாம். கண்ணாடி போல மெருகு, அணசில் பித்தளை வளையம், பார்க்கவே ஆசையாக இருந்தது. கடையில் ஊதிப் பார்த்தபோது நன்றாகத்தான் பேசியது. குண்டூர் நாட்டுக்குக் கொண்டுவந்து ஒரு மழைக்காலம், ஒரு பனிக்காலம் போயிற்று. மார்கழியில் ஒருநாள் தைவதத்துக்கு மேலே எதுவும் நிற்கவில்லை. மாமா வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்றாம் துளைக்குப் பின்பக்கம் கடுகளவு ஒரு புள்ளி. நகத்தால் கீறினார், மெழுகும் மரத்தூளும் உதிர்ந்தது. பழைய ஆணித்துளை. அதிலிருந்து மயிர்போல ஒரு விரிசல் கீழே ஓடியிருந்தது.

பழைய உத்திரத்தில் எடுக்கும் மரம் என்றால் ஆணி இருந்த தடம் இருக்கத்தான் செய்யும். நல்ல ஆசாரி அந்த இடத்தை ஒதுக்கிவிட்டுத் துண்டு போடுவார். துண்டு சிறுத்துப்போகும், அவருக்கு நஷ்டம். அந்த நஷ்டத்தை அவர் ஏற்றாரா, மெழுகு வைத்து நம் தலையில் கட்டினாரா என்பதுதான் கைநேர்மை. மெருகு இதில் எதையும் சொல்லாது. மறைக்க மட்டும் செய்யும்.

*

சென்ற வருஷம் நரசிங்கம்பேட்டைக்கே போனோம். காரவள்ளி வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, நாமக்கல், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், அப்புறம் ஆடுதுறைப் பக்கம். மலையிலிருந்து வந்தவனுக்கு அந்தத் தட்டையான பூமியே ஒரு அதிசயம். ஊர் சின்னது. நாயனம் செய்யும் குடும்பங்களைக் கைவிட்டு எண்ணிவிடலாம். 2022 மார்ச்சில் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு எங்கோ கடைந்ததை இந்த ஊர்ப் பெயரில் விற்பதைத் தடுக்க அது சட்டத் துணை. ஆனால் ஒரே ஊரில் செய்த இரண்டு உலவில் எது மேல் என்று எந்த முத்திரையும் சொல்லாது. அதை நாம்தான் பார்த்தாக வேண்டும்.

நாங்கள் போன பட்டறையில் பெரியவர் கேட்டார்: "தம்பி, எந்த ஊரு?"

"கொல்லிமலைங்க. குண்டூர் நாடு."

"குளிர் பிரதேசம். அப்ப சீவாளிய மூணு தரத்துல எடுத்துக்கிட்டுப் போங்க. அங்க ஒண்ணும் சரியா வரலேன்னா உடனே உலவைத் தூக்கிக்கிட்டு ஓடிவராதீங்க."

மாமா சொன்னதையே அவரும் சொன்னார்.

*

மாமா உலவைச் சோதித்த விதம். பக்கத்தில் நின்று பார்த்தபடியே எழுதுகிறேன்.

கெண்டையைக் கழற்றினார். அணசையும் கழற்றினார். வெறும் உலவை வானத்துக்கு நேராகப் பிடித்து, அகன்ற பக்கத்தில் கண்ணை வைத்தார். உள்ளே வெளிச்சம் வளையம் வளையமாகச் சிறுத்துக்கொண்டே போக வேண்டும். நடுவில் எங்காவது ஒரு வளையம் மட்டும் கறுத்துத் தெரிந்தால் அங்கே படி இருக்கிறது என்று பொருள். ஒரு கருவியால் துளைத்து, அடுத்த அளவுக் கருவியால் அகட்டும்போது இரண்டும் சேரும் இடத்தில் விழும் படி அது. பொறுமைசாலி அதை இழைத்துக் கரைத்துவிடுவார். அவசரக்காரர் விட்டுவிடுவார்.

பிறகு ஒவ்வொரு துளை விளிம்பிலும் விரலின் சதையை வைத்து அழுத்தி எடுத்தார். விரலில் பதியும் வட்டம் முழுசாக இருக்கிறதா என்று பார்த்தார். விரல் வைக்கும் துளை ஏழு. அதற்குக் கீழே உள்ளவை மெழுகு வைத்துச் சுருதி திருத்துவதற்கானவை. அந்த மெழுகையும் பார்த்தார். கொஞ்சம் இருந்தால் அது பக்குவம். துளைக்குத் துளை அப்பியிருந்தால் உள்ளே சரிவு தவறியிருக்கிறது, வெளியே சமாளித்திருக்கிறார்கள்.

கடைசியில்தான் ஊதினார். அதுவும் பட்டறைச் சீவாளியில் இல்லை. இடுப்பு முடிச்சிலிருந்து தன் பழைய சீவாளியை எடுத்தார். பல நாளாக அவர் வாய்க்குப் பழகியது. அதன் குணம் அவருக்கு அத்துப்படி; அதில் தெரியும் குறை எதுவானாலும் உலவின் குறைதான். கீழ் ஷட்ஜத்தைப் பிடித்தார். அப்படியே மூச்சை இறுக்கி மேல் ஷட்ஜத்துக்குப் போனார். மறுபடி கீழ், மறுபடி மேல். பெரியவர் கடைசலை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கூம்புத் துளையில் சரிவு சரியாக இருந்தால்தான் கீழும் மேலும் ஒன்றுக்கொன்று சேரும். சரிவு பிசகினால் மேல் ஷட்ஜம் தூக்கும், அல்லது தொய்யும். எந்தச் சீவாளி போட்டாலும் அது முழுக்கத் தீராது.

மூன்று உலவு பார்த்தார். அழகில் மூன்றாவதுதான் கடைசி. அணசுக்கு மேலே மரத்தில் ஒரு வெளிர் வரி. அதைத்தான் எடுத்தார்.

*

மத்தியமத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

முன்பெல்லாம் திமிரி நாயனம்தான். நீளம் குறைவு, நாலு, ஐந்து கட்டைச் சுருதி, குரல் ஊருக்கே கேட்கும். அதில் சுத்த மத்தியமம் சுத்தமாக நிற்காது. கல்யாணிக்குப் பிரதி மத்தியமம் என்பதால் தப்பித்துக்கொள்ளலாம். தோடிக்கு என்ன செய்வது? அதற்குச் சுத்த மத்தியமம் வேண்டுமே. தோடி என்றாலே திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை என்று சொல்லும் நாட்டில், கருவியே அவருக்கு எதிராக நின்றது. நீளத்தைக் கூட்டி, சுருதியை இரண்டு, இரண்டரைக் கட்டைப் பக்கம் இறக்கி, துளைகளின் இடத்தை மாற்றி, அந்தச் சுரம் தன் இடத்தில் நிற்கும்படி பாரி நாகசுரத்தைச் செய்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. ராஜரத்தினம் பிள்ளை 1956 டிசம்பரில் காலமானார். அதன் பிறகும் பாரி நின்றது, இன்று கச்சேரி மேடையில் பெரும்பாலும் அதுதான். 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் காருகுறிச்சி அருணாசலம் ஊதிய ஆபேரிக்கும் சுத்த மத்தியமம்தான் உயிர்.

வாசித்தவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். துளையிட்டவர் பெயரைக் கேட்டால் நாயனக்காரர்களைத் தவிர எத்தனை பேர் சொல்வார்கள்? ஒரு சுரத்துக்காக ஒரு கருவியையே திருப்பிச் செய்த மனிதர் அவர். பள்ளிக்கூடப் பாடத்தில் வர வேண்டிய பெயர் என்று நினைக்கிறேன்.

*

அயர்லாந்தில் இல்லன் பைப் என்று ஒரு துருத்திக் குழல் இருக்கிறது. உட்கார்ந்து வாசிப்பது. அந்த மொழியில் அந்தச் சொல்லுக்கு முழங்கை என்று பொருள். ஒரு முழங்கைக்கு அடியில் கொல்லன் உலைத் துருத்தி போல ஒன்றை அமுக்க, காற்று மறு கைக்கு அடியில் உள்ள தோல்பையில் நிறையும். மெட்டு வாசிக்க ஒரு குழல், சுருதிக்கு மூன்று குழல், சேர்த்திசைக்குச் சாவி வைத்த மூன்று குழல். 2017இல் யுனெஸ்கோ அந்தக் கலையை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அதன் மெட்டுக்குழலும் நம் நாயனமும் உள்ளே ஒரே சாதி. இரண்டும் கூம்புத் துளை, இரண்டுக்கும் இரட்டை நாக்கு, அதுவும் நாணல் இனத்துத் தட்டையில் செய்தது. அங்கேயும் கீழ் சுரமும் மேல் சுரமும் சேர்கிறதா என்றுதான் சோதிக்கிறார்கள். ஆனால் ஒரு வேற்றுமை பெரியது. அங்கே நாக்கு குழலுக்குள் மூடிக் கிடக்கும். வாய் படாது, எச்சில் படாது, துருத்தியின் உலர்ந்த காற்று மட்டுமே படும். அதனால் ஒரு நாக்கு வருஷக்கணக்கில் உழைக்கும். குழல் செய்கிறவரே பெரும்பாலும் நாக்கும் செதுக்கி, இரண்டையும் பொருத்தி, பேசவைத்துக் கொடுப்பார். பேசாவிட்டால் பழி அவர்மேல் மட்டும்தான்.

நம்மிடம் அப்படி இல்லை. உலவு நரசிங்கம்பேட்டையில். சீவாளி பக்கத்துத் திருவாவடுதுறையில் வேறொருவர் கையில். கெண்டையின்மேல் நூல் சுற்றிப் பொருத்துவதும், குச்சி விட்டுச் சீவாளியின் வாயைத் திறப்பதும், மெழுகு வைப்பதும் வாசிக்கிறவர். ஒரே நாதத்துக்கு மூன்று கை. அதனால்தான் நாயனம் செய்கிறவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது கஷ்டம்; அதனால்தான் அநியாயமான தீர்ப்பும் சுலபமாக வாயில் வந்துவிடுகிறது. "அந்த ஆசாரி கை போயிருச்சு" என்று திருவிழாப் பந்தலில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். பாதி தடவை கோளாறு சீவாளியில்.

*

சீவாளி. ஆற்றங்கரைக் கொறுக்கைத் தட்டையை அறுத்து, உலரவைத்து, அவித்து, மறுபடி உலரவைத்து, மடித்துக் கட்டி, நுனியைச் சீவி எடுப்பது. நகத்தளவு பொருளுக்கு மாதக்கணக்கில் வேலை. நாயனக்காரர் ஒன்றோடு நிற்க மாட்டார். நாயனத்திலேயே கொத்தாகத் தொங்கவிட்டிருப்பார், கூடவே தந்தத்திலோ மரத்திலோ ஒரு குச்சி. காவிரிக் கரை வெயிலுக்குச் சீவிய சீவாளி எங்கள் பனியில் ஊறிப் பருத்துவிடும், வாய் அடைத்துக்கொள்ளும். குளிர்ந்த காற்றில் சுருதியும் இறங்கும். மலையில் கொஞ்சம் கெட்டியான சீவாளி வேண்டும் என்பது மாமாவின் அனுபவம். ஆடி பதினெட்டுக்கு அறப்பளீசுவரர் கோயில் பக்கம் கீழ்நாட்டு மேளக்காரர்கள் வந்தால், முதல் அரை மணி நேரம் அவர்கள் சீவாளியோடு மல்லுக்கட்டுவதை இன்றும் பார்க்கலாம்.

*

கும்பகோணம் ஆதி கும்பேசுவரர் கோயிலில் கல் நாகசுரம் ஒன்று இருக்கிறது. ஆழ்வார்திருநகரியிலும் உண்டு. கல்லில் அந்தக் கூம்பைக் குடைந்தவர் ஒரு தடவை கை தவறியிருந்தால் அத்தனையும் வீண். பெயர் தெரியாத அந்தக் கையை நினைத்தால் மெய் சிலிர்க்கிறது.

*

மறுபடி அந்தத் தை மாதக் காலை. வெயில் ஏறி, பனி மரத்தடிக்கு இறங்கியது. இரண்டாவது சீவாளியில் ஷட்ஜம் ஏறிச் சேர்ந்தது. மருமகன் மோகனம் தொடங்கினான். மாமா தலையை ஆட்டவில்லை. மத்தியமம் வரும் ராகமாகக் கேட்டார். தோடியில் ரெண்டு பிடி பிடித்தான். மத்தியமம் நின்றது. "ஒரு ஆடி, ஒரு மார்கழி போகட்டும். அப்புறம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு மாமா உள்ளே போனார்.

மார்கழியும் போய்விட்டது. உலவில் விரிசல் இல்லை. கீழும் மேலும் சேர்ந்தே நிற்கிறது. மாமா போன வாரம் நரசிங்கம்பேட்டைப் பெரியவருக்கு போன் போட்டு, "உங்க கை நல்ல கைங்க" என்றார். மலைத்தேன் ஒரு பாட்டிலும் எங்கள் மிளகு ஒரு கிலோவும் பஸ்ஸில் அனுப்பினோம்.

*

போனில் பெரியவர் சொன்ன கவலை ஒன்று. புது ஆச்சா மரத்தில் உலவு கடைந்தால் நாளாக நாளாக முறுக்கிக்கொள்ளும். இடித்த பழைய வீட்டின் தூணும் உத்திரமும்தான் வேண்டும்; ஐம்பது, நூறு வருஷம் கூரைக்கடியில் இருந்து ஈரமெல்லாம் வற்றியது. அப்படிப்பட்ட வீடுகள் குறைந்துவிட்டன. இடிப்பவர்களும் மரத்தை மொத்தமாக விறகுக்கும் செங்கல் சூளைக்கும் தள்ளிவிடுகிறார்கள்.

இதைப் படிப்பவர்கள் யாராவது தாத்தா காலத்து வீட்டை இடிப்பதாக இருந்தால், உத்திரம் என்ன மரம் என்று ஒரு தச்சரைக் கூப்பிட்டுப் பாருங்கள். ஆச்சா என்று சொன்னால் சூளைக்குப் போடுவதற்கு முன் நரசிங்கம்பேட்டைக்கு ஒரு தகவல் சொல்லுங்கள்.