வளைவைப் பார்ப்பதா, வலியைப் பார்ப்பதா?



என் தம்பி மகள் தன் பையனின் ஈரக்கால் சுவட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். "பெரியப்பா, இவனுக்குத் தட்டைப் பாதமாம். ஷூவுக்குள்ள வைக்க இன்சோல் ஆயிரக்கணக்குல சொல்றாங்க. வாங்கட்டுமா?" பையனுக்கு ஏழு வயது. வலி கிடையாது, நாளெல்லாம் ஓடுகிறான். அவளுக்குச் சொன்னதை எல்லோருக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

இன்சோல் கொடுப்பதில் இரண்டு கொள்கைகள் முக்கியமானவை. முதலாவது, 1970களில் அமெரிக்கப் பாத மருத்துவர் மெர்டன் ரூட் பரப்பியது. கணுக்காலுக்குக் கீழே உள்ள மூட்டுக்கு ஒரு நடுநிலை உண்டு. பாதம் அதை ஒட்டி இயங்க இன்சோல் உதவ வேண்டும் என்றார். பின்னாளில் அளந்து பார்த்தால், வலியே இல்லாத பலரின் பாதமும் நடக்கும்போது அந்த நிலையில் இல்லை.

1995இல் மெக்பாயில், ஹன்ட் என்ற இருவர் கேள்வியையே மாற்றினார்கள். எந்தத் திசு தாங்க முடியாத பாரத்தைச் சுமக்கிறது? அந்தப் பாரத்தைக் குறையுங்கள் என்றார்கள். வடிவத்தைத் திருத்துவது நோக்கமல்ல.

இதற்கு நெருக்கமான எண்ணம் நம் பக்கத்து வேலூரில் முன்பே இருந்தது. 1946இல் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்ணை ஆராய்ந்தார். உணர்ச்சியற்ற பாதத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே புண்ணாகிறது என்று கண்டார். மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு அந்த அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்பியது.

குழந்தைகள் விஷயத்துக்கு வருவோம். ராவ், ஜோசப் என்ற நம் நாட்டு மருத்துவர்கள் 2300 பிள்ளைகளின் பாதச் சுவட்டைப் பார்த்து 1992இல் வெளியிட்ட ஆய்வில், காலணி அணிந்தவர்களில் 8.6 சதவீதமும் வெறுங்காலோடு திரிந்தவர்களில் 2.8 சதவீதமும் தட்டைப் பாதம். பாதம் வளைந்து கொடுத்து, வலியும் இல்லையென்றால் இன்சோல் தேவையில்லை. வலித்தாலோ விறைப்பாக இருந்தாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டவேண்டும்.

ஆரணியில் தறியில் உட்காரும் என் மாணவர்களே, உங்களில் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு. பையனுக்கு வலி இல்லாதது நல்ல சேதி. உங்களுக்கு அது மரத்துப்போனதன் அடையாளமாக இருக்கலாம். மிதிகட்டையில் நாள் முழுக்க அழுந்தும் பாதத்தை இரவில் வெளிச்சத்தில் பாருங்கள். அடிப்பாதம் தெரியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிவப்போ கொப்புளமோ இருந்தால் மறுநாளே மருத்துவரிடம் போங்கள். "தறி இறக்கிட்டுப் போறேன் சார்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.