சும்மா இருக்கும்போது நின்றுபோன சர்வர்

இது 2001இல் புதுச்சேரியில் நான் எழுத்தராக இருந்த அலுவலகத்தில் நடந்தது.

எங்கள் சம்பள ப்ரோக்ராம் டாஸ் காலத்தில் எழுதப்பட்டது. புதிதாக வந்த சர்வரில் இருந்தது விண்டோஸ் 2000. ஆனாலும் பழைய ப்ரோக்ராம் அதில் ஓடியது. தான் டாஸ் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறோம் என்று அதை நம்பவைக்கும் ஒரு பாவனை ஏற்பாடு விண்டோஸுக்குள்ளேயே உண்டு.

மேசைக்கு மேசை கம்ப்யூட்டர் கிடையாது. அதனால் தினக்கூலியில் வந்த ஒரு பெண் சர்வரிலேயே உட்கார்ந்து பதிவு செய்வாள். சில நாளில் சர்வர் திடீர் திடீரென உறைந்து நிற்கத் தொடங்கியது. மற்ற மேசைகளில் எல்லாத் திரையும் அப்படியே நிற்கும். மாதக் கடைசி வேறு. பில் கருவூலத்துக்குப் போகாவிட்டால் யாருக்கும் சம்பளம் இல்லை. "அந்தப் பெண் எதையோ அழுத்திவிட்டுப் போகிறாள், நிறுத்திவிடலாம்" என்று பேச்சு கிளம்பிவிட்டது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். சிக்கலைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார் என்ற தெகார்த்தின் பாடம் பள்ளியிலேயே மனதில் பதிந்தது. ஒயர், ஹப், யூபிஎஸ், ப்ரோக்ராம் என்று நோட்டில் தனித்தனியாகக் கோடு போட்டு, சர்வர் நிற்கும் நேரத்தை எல்லாம் குறித்தேன். ஒரு வாரத்தில் விஷயம் தெரிந்தது. அவள் தட்டச்சு செய்யும்போது ஒருமுறைகூட நிற்கவில்லை. நின்றதெல்லாம் டீ நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும்தான்.

ஆளில்லாத நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். யாரும் தொடாத ப்ரோக்ராம் ப்ராசஸரைக் கிட்டத்தட்ட நூறு சதவீதம் தின்றுகொண்டிருந்தது!

காரணம் எளிது. டாஸில் ஒரு நேரத்தில் ஒரே ப்ரோக்ராம்தான். அடுத்தவருக்கு வழிவிடும் பழக்கம் அதற்குத் தேவைப்படவில்லை. விசைக்காகக் காத்திருக்கும்போதும் "அழுத்தினார்களா, அழுத்தினார்களா" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். தனிக் கம்ப்யூட்டரில் அதனால் நஷ்டமில்லை. எல்லாருக்கும் ஃபைல் கொடுக்கும் சர்வரில் மற்றவர்கள் தவித்துப்போவார்கள்.

"டீக்குப் போகும்போது ப்ரோக்ராமை மூடிவிட்டுப் போம்மா" என்றேன். அன்று சர்வர் நிற்கவே இல்லை. பிறகு அந்த ஐகானின் ப்ராப்பர்டீஸில் 'ஐடில் சென்சிடிவிட்டி' என்பதைக் கூட்டி வைத்தோம். ப்ரோக்ராம் சும்மா இருப்பதை விண்டோஸ் சீக்கிரம் கண்டுகொண்டு, அதற்குத் தரும் நேரத்தைக் குறைக்கும். கடைசியில் ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தேடிப் பிடித்து, பதிவு வேலையைச் சர்வரை விட்டே நகர்த்தினோம். பில் நேரத்துக்குப் போனது. அந்தப் பெண்ணும் வேலையில் தொடர்ந்தாள்.

இன்றைய 64 பிட் விண்டோஸில் அந்தப் பாவனை ஏற்பாடு இல்லை. பழைய கணக்கு ப்ரோக்ராமை டாஸ்பாக்ஸில் ஓட்டுகிறவர்கள் நம்மில் உண்டு. கம்ப்யூட்டர் திணறினால், கையை எடுத்துவிட்டு ப்ராசஸர் எவ்வளவு ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். பக்கத்து நாற்காலிக்காரரைச் சந்தேகிப்பதற்கு முன்னால் ஒரு வாரம் மணியைக் குறித்து வையுங்கள்.