இரும்பு சொன்ன சாட்சி

துப்பாக்கிச் சனியனைக் கையில் எடுப்பவர்களின் கண் முதலில் முனைக்குத்தான் போகும். விஷயம் தெரிந்தவர்கள் கைப்பிடிக்குப் பக்கத்தில் பார்ப்பார்கள். அலகு தொடங்கும் இடத்தில் கூர் தீட்டப்படாத ஒரு சிறு பகுதி இருக்கும். பிரிட்டிஷ் ராணுவம் தன் கணக்கையெல்லாம் எழுதி வைத்தது அங்கேதான். யார் செய்தார்கள், எந்த மாதம் ஏற்றுக்கொள்ளப்பட்டது, யார் சோதித்தார் என்று எல்லாமே முத்திரைகளாக.

டேராடூனில் ஒரு கர்வாலி குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இப்படி ஒரு சனியன் இருக்கிறது. அவர்கள் சங்கீன் என்பார்கள். தசராவன்று அதற்குக் குங்குமம் இட்டுப் பூஜை உண்டு. குடும்பத்தின் தாத்தா 39ஆவது கர்வால் ரைபிள்ஸ் சிப்பாய். 1915 மார்ச்சில் பிரான்ஸில் நவ் ஷாப்பேல் போரில் இருந்தவர். அந்தப் போரில்தான் அதே படைப்பிரிவின் கபர் சிங் நேகி, சனியன் பொருத்திய துப்பாக்கிகளோடும் குண்டுகளோடும் சென்ற குழுவில் ஜெர்மானியப் பதுங்குகுழிக்குள் புகுந்து போராடி உயிர்விட்டார். இறந்த பின் அவருக்கு விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது.

அன்று தாத்தாவின் கையில் இருந்த சங்கீன் இதுதான் என்பது குடும்பத்தின் நம்பிக்கை. ஆதாரம் அலகிலேயே இருந்தது: ஒரு கிரீடம், ‘ஜி.ஆர்.’ என்ற எழுத்துகள், கீழே 1907. அந்த வருடம் செய்த ஆயுதம் 1915இல் அவர் கைக்கு வந்திருக்கலாம்தானே?

பெருமையோடு யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு கவலையும் இருந்தது. சர்க்கார் ஆயுதம் ஒரு சிப்பாயின் வீட்டுக்கு எப்படி வந்தது? தாத்தாவின் மகனுக்கு இப்போது வயது 88. விருந்தாளிகள் வரும்போதெல்லாம் அவர் அதை எடுத்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிடுவார். அப்பா சொல்லாமல் கொள்ளாமல் எடுத்து வந்துவிட்டாரோ என்ற பயம் சின்ன வயதிலிருந்தே அவருக்கு உண்டு.

பேரன் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. காசோலையில் கையெழுத்தையும் தேதியையும் பார்த்தே வேலைக்காலத்தைக் கழித்தவர். ஒரு நாள் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்துவிட்டார்.

முதலில் சரிந்தது 1907. அது செய்த வருடம் கிடையாது, மாதிரியின் பெயர். 17 அங்குல அலகு கொண்ட இந்த மாதிரி, லீ என்ஃபீல்டு குட்டைத் துப்பாக்கிக்காக அந்த ஆண்டு ஏற்கப்பட்டது. பிறகு எந்த வருடம் செய்தாலும் அதே எண்தான். உண்மையான தேதி அதன் கீழே பொடியாக இருக்கும். குடும்பம் ஏதோ வரிசை எண் என்று நினைத்திருந்த ‘3 18’ என்பதற்கு அர்த்தம், 1918 மார்ச்.

தயாரிப்பாளர் பெயர் வில்கின்சன். இன்று சவர பிளேடில் பார்க்கும் அதே பெயர். இந்த மாதிரியில் 20 லட்சத்துக்கும் மேல் செய்த லண்டன் கம்பெனி, 2005இல் வாள் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. மற்றவற்றில் ஷெஃபீல்டின் சாண்டர்சன், சேப்மன், பர்மிங்ஹாமின் மோல், அமெரிக்காவின் ரெமிங்டன், ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆகிய பெயர்களைக் காணலாம். ‘ஆர்.எஃப்.ஐ.’ என்றிருந்தால் ஹூக்ளிக் கரையில் உள்ள இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை. அங்கே ஜி.ஆரோடு ‘ஐ’ என்ற எழுத்தும் சேரும். பிரிட்டனின் அரசர் இந்தியாவுக்குச் சக்கரவர்த்தி என்பதன் அடையாளம் அது. இரண்டாம் உலகப் போரில் பெயர்களுக்குப் பதில் ரகசிய எழுத்தும் எண்ணும் வந்தன. அப்போது ஸ்காட்லாந்தில் சனியன் செய்தவர்களில் தையல் மெஷின் சிங்கரும் ஒருவர்.

எழுத்து தேய்ந்துபோனால் உருவத்தைப் பார்க்க வேண்டும். ஆரம்பகால அலகுகளில் கைப்பிடிக் குறுக்குக்கட்டையில் ஒரு கொக்கி வளைந்திருக்கும். 1913இல் அதைக் கைவிட்டார்கள். அழுக்கு சேராமலிருக்க 1916இல் கைப்பிடியின் அடிக்குமிழில் ஒரு துளை வந்தது. ஆனால் பழையவற்றிலும் பின்னாளில் கொக்கியை வெட்டித் துளை போட்டதுண்டு. எனவே உருவத்தை மட்டும் நம்ப முடியாது.

பேரன் மறுபக்கம் திருப்பினார். அங்கே சர்க்கார் சொத்து என்பதைச் சொல்லும் அகன்ற அம்பு. வளைத்துப் பார்த்து முறியவில்லை என்பதற்குப் பெருக்கல் குறி. கிரீடத்தின் கீழ் சோதித்தவரின் எண். திரும்பவும் வழங்கப்பட்டதைக் காட்டும் ‘24’. கடைசியாக, முனையோடு முனை முட்டி நிற்கும் இரண்டு அம்புகள். ராணுவம் தன் பொருளை விற்றுக் கணக்கிலிருந்து நீக்கியதற்கான முத்திரை அது.

தாத்தா 1921இலேயே ராணுவத்தை விட்டு வந்தவர். 1924 வரை சர்க்கார் கணக்கில் இருந்த ஒரு பொருளை அவர் எடுத்து வந்திருக்க முடியாது. விற்ற பிறகு யாரிடமிருந்தோ வாங்கியிருக்கிறார். நவ் ஷாப்பேல் கதை போயிற்று. கூடவே திருட்டுப் பயமும் போயிற்று. இரண்டையும் அழித்தது ஒரே அங்குல இரும்பு.

ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். தொண்ணூறை நெருங்கும் ஒருவரிடமிருந்து அப்பாவின் போரைப் பறிக்கலாமா? பேரன் ஒரு மாதம் தயங்கினார். தாத்தா போரில் இருந்தது பொய்யில்லை, ஆயுதம்தான் வேறு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். தசராவுக்கு முந்தின நாள் அம்புகளில் ஆரம்பித்து, தேதியில் முடித்தார்.

கிழவர் முழுவதும் கேட்டார். தேதியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “அப்படியானால் பாபுஜி காசு கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறார்” என்றார்.

மறுநாள் வழக்கம்போல் பூஜை நடந்தது. மாலையில் உறவினர்கள் வந்தார்கள். டிரங்குப் பெட்டியை யாரும் திறக்கவில்லை.