பிள்ளைக்கு வைத்த பெயர்

சுனில் கவாஸ்கரின் மகனுடைய முழுப்பெயர் ரோஹன் ஜெய்விஸ்வா. ரோஹன் என்பது மேற்கிந்தியத் தீவுகளின் ரோஹன் கன்ஹாய். ஜெய் என்பது ஹைதராபாத் எம்.எல்.ஜெய்சிம்மா. விஸ்வா என்பது நம் பக்கத்துப் பெங்களூர் குண்டப்பா விஸ்வநாத். பிறந்த குழந்தையின் தலையில் மூன்று மட்டையாளர்களை ஏற்றிவைத்திருக்கிறார் மனிதர். எப்போதோ படித்தது. அண்மையில் ஒரு கல்யாணப் பந்தியில், உலகிலேயே பெரிய கிரிக்கெட் வீரர் யார் என்று பக்கத்து இலைக்காரர் சாம்பாரில் தொடங்கி மோர் வரைக்கும் விடாமல் வாதாடியபோது ஞாபகம் வந்தது.

பிராட்மனின் சராசரி 99.94 என்று சொன்னதுமே அந்த வாதம் முடிந்துவிட வேண்டும். முடிவதில்லை. சோபர்ஸ் பந்தும் வீசுவாரே என்பார் ஒருவர். முரளி 800 விக்கெட் எடுத்தாரே என்பார் இன்னொருவர். சச்சினின் நூறு சதங்களை என்ன செய்வது என்று எதிர்வரிசையிலிருந்து குரல் வரும். எல்லோர் கையிலும் எண்கள். எண்ணை வைத்துக்கொண்டு பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துவருவதில்லை. நான் ஜாங்கிரியைக் கவனித்தேன்.

எண்கள் என்று பார்த்தால் கவாஸ்கரைவிட யாருக்கு உரிமை? டெஸ்டில் முதன்முதலாகப் பத்தாயிரம் ரன்னைக் கடந்தவர், 34 சதம் அடித்தவர். அவர் பெற்ற பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது எண்களைப் பார்த்ததாகத் தெரியவில்லை. கன்ஹாயை யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். சுழன்று ஹூக் அடித்துவிட்டு மல்லாந்து விழுவார், பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியிருக்கும். ஆனால் ஜெய்சிம்மா? 39 டெஸ்ட், 2,056 ரன், சராசரி முப்பதுக்குச் சற்று மேல். எந்தப் பட்டியலும் அவரை வாசற்படி ஏற விடாது. 1968இல் ஆஸ்திரேலியாவுக்கு மாற்று ஆட்டக்காரராகப் பாதியில் அனுப்பினார்கள். போய் இறங்கிய களைப்போடு பிரிஸ்பேனில் 74, 101 அடித்தார். இந்தியா 39 ரன்னில் தோற்றது. 1971 மேற்கிந்தியப் பயணத்தில், புதுமுகம் கவாஸ்கர் 774 ரன் குவித்தபோது, அதே அணியில் மூத்தவராக உட்கார்ந்திருந்தார். அந்த ஓய்வறையில் அவர் என்ன சொன்னார், எப்படி நின்றார் என்பதெல்லாம் எந்த ஸ்கோர் அட்டையிலும் ஏறாது. குழந்தையின் பெயரில் ஏறியிருக்கிறது.

விஸ்வநாத்தை மட்டும் விளக்கிவிடலாம் என்று நினைப்பீர்கள்: கவாஸ்கரின் தங்கையை மணந்தவர் ஆயிற்றே என்று. அப்படியானால் கன்ஹாய் எந்த வழியில் சொந்தம்?

எனக்குக் காரணம் தெரியும் என்றே நம்புகிறேன். என் மாமா அதைச் சேப்பாக்கத்தில் நேரில் பார்த்தவர். 1975 ஜனவரி, மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகப் பொங்கலை ஒட்டிய டெஸ்ட். கவாஸ்கர் காயத்தால் ஆடவில்லை. ஆண்டி ராபர்ட்ஸ் வீசுகிறார். ஹெல்மெட் என்ற பொருள் இன்னும் புழக்கத்துக்கு வராத காலம். இந்தியா 190க்குச் சுருண்டது. ராபர்ட்ஸுக்கு 64 ரன்னுக்கு ஏழு விக்கெட். அந்த 190இல் விஸ்வநாத் மட்டும் 97, அதுவும் அவுட் ஆகாமல். மற்றவர்களில் ஒருவர்கூட இருபதைத் தொடவில்லை.

மாமா இதை உட்கார்ந்து சொல்ல மாட்டார். தினசரியைச் சுருட்டி மட்டையாக்கிக்கொண்டு கூடத்தின் நடுவில் நிற்பார். "குள்ளம்டா அவன். பந்து மார்புக்கு வருது. இவன் நுனிக்காலில் எழும்பி..." என்று சொல்லி, ஜன்னல் பக்கமாக ஒரு ஸ்கொயர் கட் அடிப்பார். வருடம் ஏற ஏற ஸ்கொயர் கட்களின் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போனது. கடைசி ஆளாகச் சந்திரசேகர் மட்டையோடு வரும் கட்டத்தில் மட்டும் குரல் இறங்கும். போலியோவில் சூம்பிய கையாலேயே சுழற்பந்து வீசி 242 டெஸ்ட் விக்கெட் எடுத்தவர். 58 டெஸ்டிலும் சேர்த்து அடித்த ரன் 167. அவர் போய்விட, விஸ்வநாத் மறுமுனையில் நின்றார்.

"அந்த மூணு ரன்னை அந்த மனுஷன் முன்னாடியே ஓடி எடுத்திருக்கக் கூடாதா?" என்பார் மாமி, ஒவ்வொரு தடவையும், அடுக்களையிலிருந்து.

"சந்திராவைக் குத்தம் சொல்லாதே" என்பார் மாமா. மாமி சந்திராவைச் சொல்லவே இல்லை.

பிறகு பிரசன்னாவும் பேடியும் சுழற்றியதில் இந்தியா 100 ரன் வித்தியாசத்தில் வென்றது. 0-2 என்று கிடந்த தொடர் 2-2 ஆயிற்று. பம்பாயில் கடைசி டெஸ்டில் தோற்றோம், அதை மாமா சொல்லவே மாட்டார். 2001இல் விஸ்டன் ஏதோ சூத்திரம் போட்டு டெஸ்ட் வரலாற்றின் சிறந்த நூறு இன்னிங்ஸைத் தேர்ந்தெடுத்தது. அதில் இந்த 97க்கு 38ஆம் இடம். டெண்டுல்கருக்கு நூறில் ஓரிடம்கூட இல்லை. ஊரே கொதித்தது. மாமா மட்டும் அந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்துக்கொண்டார். பட்டியல்கள் எல்லாம் குப்பை என்பது அவர் கொள்கை. இந்த ஒன்றைத் தவிர.

கவாஸ்கர் வீட்டுப் பிள்ளை பிறந்தது இந்த ஆட்டம் முடிந்து பதின்மூன்று மாதம் கழித்து, 1976 பிப்ரவரியில்.

பிரையன் லாராவும் இந்த ரகம்தான். 375 அடித்தார், 400 அடித்தார், கவுண்டி ஆட்டத்தில் 501 அடித்தார். மகளுக்கு வைத்த பெயர் சிட்னி. 1993இல் அந்த ஊரில் அடித்த 277தான் அவருடைய முதல் டெஸ்ட் சதம். மேலே சொன்ன மூன்றும் உலகத்துக்கு, இது வீட்டுக்கு.

நம் ஊருக்கு வந்தால் வாஷிங்டன் சுந்தர். 2021இல் பிரிஸ்பேனில் முதல் டெஸ்டிலேயே ஸ்டீவ் ஸ்மித்தை அவுட் ஆக்கி, மட்டையெடுத்து 62 ரன்னும் அடித்தபோது, அமெரிக்க ஜனாதிபதியின் பெயர் திருவல்லிக்கேணிப் பையனுக்கு எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றியிருக்கும். ஜனாதிபதி எங்கே வந்தார்? தந்தை சுந்தர் வசதியில்லாத வீட்டுப் பிள்ளை, கிரிக்கெட் பைத்தியம். அக்கம்பக்கத்தில் வாஷிங்டன் என்று ஒரு முன்னாள் ராணுவத்தினர். மெரினா மைதானத்தில் பையன்கள் ஆடுவதை வந்து பார்ப்பார். சுந்தருக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினார், சீருடை வாங்கித் தந்தார், சைக்கிளில் உட்காரவைத்து மைதானத்துக்குக் கூட்டிப்போனார். 1999இல் அவர் இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் சுந்தருக்கு மகன் பிறந்தான். முறைப்படி குழந்தையின் காதில் ஸ்ரீனிவாசன் என்று சொன்னார்கள். வைத்த பெயர் வாஷிங்டன்.

பந்தியில் என் முறை வந்திருந்தால் நான் முதலில் சொல்லியிருக்கக்கூடிய பெயர் அந்த மூத்த வாஷிங்டனுடையது. அடுத்த மகன் பிறந்திருந்தால் அவனுக்கு வாஷிங்டன் ஜூனியர் என்று வைத்திருப்பேன் என்றும் சுந்தர் பேட்டியில் சொல்லியிருக்கிறார்.