செங்காந்தள் பூக்கும் மூலனூர்ச் சீமை: களத்துப் பூனைக்கும் காவல் வேண்டும்

தாராபுரத்தில் இருந்து மூலனூர் போகும் வழியெங்கும் கொறங்காடுகள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், ஆங்காங்கே வெள்வேல மரம், நிழலில் செம்மறி ஆடுகள். மழை குறைந்த இந்த மேட்டாங்காட்டுச் சீமையில், கம்பிப் பந்தல் போட்ட தோட்டங்கள் மட்டும் ஐப்பசி, கார்த்திகையில் தீப்பிடித்ததுபோலச் சிவந்து நிற்கும். அது செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். குறிஞ்சிப்பாட்டு சொல்லும் பூக்களில் முதலாவது. விவசாயிகள் வாயில் அதன் பெயர் கண்வலிக்கிழங்கு. கிழங்கு கலப்பைபோல் கவைத்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்பதும் உண்டு.

தமிழ்நாட்டின் வேலிகளிலும் புதர்களிலும் தானாக முளைக்கும் காட்டுக்கொடிதான் இது. இலையின் நுனியே சுருண்டு கொம்பைப் பற்றிக்கொண்டு ஏறும். மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களிலும், கடலோரம் வேதாரண்யம் பக்கத்திலும் இதைப் பணப்பயிராக வளர்க்கிறார்கள். ஆடி வாக்கில் கிழங்கு ஊன்றி, தை வாக்கில் காய் பறிக்கிறார்கள். பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கியிருப்பதால் மகரந்தம் தானாகச் சேர்வது குறைவு. அதனால் காலை நேரத்தில் ஆட்கள் பூப்பூவாகத் தொட்டு மகரந்தம் சேர்க்கிறார்கள்.

இத்தனை பாடும் விதைக்காகத்தான். விதையில் இருக்கும் கால்சிசின் என்ற பொருள் மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. யூரிக் அமிலம் சேர்ந்து வரும் மூட்டுவலிக்கு அது மருந்து. ஆனால், மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. உடம்பில் செல்கள் பிரிந்து பெருகுவதையே கால்சிசின் தடுத்துவிடும். குடல், எலும்பு மஜ்ஜைபோல ஓயாமல் புதுப்பித்துக்கொள்ளும் உறுப்புகள் முதலில் அடிபடும். கிழங்கு, விதை, இலை, பூ எல்லாவற்றிலும் நஞ்சு உண்டு.

இது தெரிந்ததால்தான் ஆட்டையும் மாட்டையும் தோட்டத்துக்குள் விடுவதில்லை. குழந்தைகளையும் அண்ட விடுவதில்லை. பூனையை மட்டும் யாரும் தடுப்பதில்லை. தடுத்தாலும் நிற்காது. சோளமும் நிலக்கடலையும் இருக்கும் வீட்டில் எலிக்குக் காவல் அதுதானே!

நக்கினாலே போதும்

பூனை கிழங்கைத் தோண்டித் தின்னாது. ஆனால், பச்சை இலையைக் கடிக்கும் பழக்கம் அதற்கு உண்டு. காற்றில் ஆடும் கொடியைக் கண்டால் பாய்ந்து விளையாடும். காய்கள் வெடித்துக் காயும் களத்திலும், விதைச் சாக்கின் மேலும் கதகதப்புக்காகப் படுத்துக்கொள்ளும். மகரந்தமும் தூசியும் ரோமத்தில் ஒட்டும். அதன்பின் உட்கார்ந்து உடம்பு முழுக்க நக்கிச் சுத்தம் செய்யும். ஒட்டியிருந்தது வயிற்றுக்குப் போய்விடும். மூன்று, நான்கு கிலோ எடைகொண்ட உயிர் என்பதால் சிறு அளவும் பெரிய ஆபத்துதான்.

நஞ்சு உடனே தெரியாமல் போகலாம். சில மணி நேரம் பூனை சாதாரணமாகவே திரியும். பிறகு எச்சில் வடியும், வாந்தி, கழிச்சல், சில நேரம் ரத்தமும் கலந்து வரும். உடம்பில் நீர் வற்றித் துவண்டுவிடும். கல்லீரல், சிறுநீரகம் கெடலாம். வாந்தி நின்றதும் பிழைத்துக்கொண்டது என்று விட்டுவிடக் கூடாது. அடுத்த சில நாள்களில் எலும்பு மஜ்ஜை பாதித்து, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்து மறுபடியும் படுத்துவிடலாம்.

செய்ய வேண்டியதும் கூடாததும்

கொடியைக் கடித்ததைப் பார்த்தாலே, அறிகுறிக்குக் காத்திருக்காமல் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். கடித்த இலையையோ விதையையோ பையில் போட்டு எடுத்துப்போனால் மருத்துவருக்கு உதவும். ரோமத்தில் தூசி இருந்தால், கையுறை போட்டுக்கொண்டு ஈரத்துணியால் துடைத்து, நக்கவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். நஞ்சு குடலில் சேராமல் இருக்கக் கரிமருந்தும், நீர்ச்சத்துக்குக் குளுக்கோஸும் மருத்துவர் தருவார். சீக்கிரம் போவதில்தான் உயிர் இருக்கிறது.

வாந்தி எடுக்க வைக்க உப்புக் கரைசல் ஊற்றக் கூடாது. உப்பே பூனைக்குக் கெடுதல். எண்ணெயோ பாலோ வலுக்கட்டாயமாகப் புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. அதைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் கிடையாது. ஒரு மாத்திரையே கொன்றுவிடும்.

காய் உலர்த்தும் இடத்தைக் கதவுள்ள அறையாகவோ, வலை கட்டிய இடமாகவோ வைத்துக்கொள்ளலாம். விதைச் சாக்கை மூடிய அறையில் வைத்து, கீழே சிந்தியதை அன்றன்றே கூட்டி அள்ள வேண்டும். வேலை செய்த துணியோடு பூனையை மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது. பூனை படுக்க வேறொரு மூலையில் பழைய சாக்கும், கடிக்கத் தொட்டியில் கொஞ்சம் அறுகம்புல்லும் இருந்தால் அது களத்தைத் தேடுவது குறையும்.

பயிர் செய்யாத வீடுகளிலும் வாசல் வேலியை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அழகுக்காக விட்ட கொடி அங்கே இருக்கலாம். மேலே அறுத்தால் போதாது, கிழங்கில் இருந்து மறுமழைக்குத் துளிர்த்துவிடும். கையுறை போட்டுக் கிழங்கோடு தோண்டி எடுத்து ஆழமாகப் புதைக்க வேண்டும். குப்பைமேட்டில் வீசினால் அங்கேயே முளைத்துக் கொடியோடும்.